வலது சப்பையில் வீ.க.

படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
பாட்டனார் பிறந்த இடம்.
பக்கத்தில் ஒரு கோடு, என் சுண்டுவிரல் நீளம்.

அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில்
தகப்பனுக்கென்று இருந்த கூட்டைப் பார்த்து
அப்படியே எழுதினேன்: மருதங்குளம்.
காணிக் கந்தோர்ப் பிள்ளை பேனையைக் கடித்தாள்.
"எந்த மருதங்குளம் அன்ரி?"

அவளிலும் பிழையில்லை.
மருது நின்ற இடத்தில் அணை கட்டி
மறித்த தண்ணீருக்கு மரத்தின் பெயரையே வைத்தார்கள்.
அடுத்த காட்டிலும் மருது நின்றது.
வைத்தவர்களுக்குத் தெரியும் தாங்கள் எங்கே நிற்கிறோமென்று.
விலாசம் தேவைப்பட்டது எங்களுக்கு.

முல்லைத்தீவில் பதிவேடு கேட்டேன்.
கடல் கொண்டுபோனது கொஞ்சம், நெருப்பு கொஞ்சம்,
லொறியில் ஏற்றி இறக்கித் திரும்ப ஏற்றியதில் கொஞ்சம்.
மிஞ்சிய பெயர் அட்டவணை
‘ந’வில் தொடங்கி ‘ம’வில் அறுந்திருந்தது.
என் பாட்டன் வீரகத்தி.

ஸ்கூட்டியில் பெற்றோல் அடித்துக்கொண்டு தேடினேன்.
நெடுங்கேணிப் பக்கத்து மருதங்குளத்தில்
எல்லோரும் பத்து வருசத்துக்குள் வந்தவர்கள்.
தேத்தண்ணி தந்தார்கள்,
தங்களுக்கும் யாராவது ஊர் தேடித் தருவார்களா என்று கேட்டார்கள்.
ஒட்டுசுட்டானுக்கு மேற்கே இன்னொன்று:
காட்டிலாகாவின் மஞ்சள் கல், அதற்கப்பால் போகத் தடை.
மாங்குளத்துக்கு அப்பால் சொன்னது
மருதங்குளமே இல்லையாம், மருதோடைக்குளமாம்.
வீதிப்பலகை எழுதியவன் இடம் போதாமல் சுருக்கிவிட்டான்.

பிறகுதான் மச்சாள் இராசநாயகி
தன் சொப்பிங் பையை அவிழ்த்தாள்.
தருமபுரம், சுதந்திரபுரம், மாத்தளன்,
கம்பிக்குப் பின்னால் வலயம் நான்கு,
எல்லாம் கண்ட பை.
பிள்ளைகளின் ஊசி அட்டை, நகை அடைவு துண்டு,
அடியில் நாலாய் மடித்த பழுப்புக் கடதாசி.
"காணி உறுதியெண்டு நினைச்சு
நெஞ்சுக்குள்ள வைச்சுக் காவினன்" என்றாள்.

விரித்தோம். உறுதி இல்லை.
மாட்டு வவுச்சர். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்று.

நாம்பன் ஒன்று. நிறம் மயிலை.
இடது காதில் பிளவு.
வலது சப்பையில் குறி வீ.க.
ஈன்ற இடம் மருதங்குளம், மேல்பற்று,
உடையவன் வளவிலுள்ள பட்டியில்.

மச்சாள் முதலில் சிரித்தாள்.
ஷெல்லுக்குள்ளால் அவள் காப்பாற்றிக் கொண்டுவந்தது
செத்து எண்பது வருசமான ஒரு மாட்டை.
பிறகு அந்தக் கடதாசியை
தன் மடியிலிருந்து எடுக்க விடவில்லை.

மேல்பற்று இப்போது எந்த வரைபடத்திலும் இல்லை.
விறகுக்குப் போகிற ஒருவர் வழி காட்டினார்.
பாலையும் வீரையும் நெருக்கிய ஒற்றையடி,
யானை இலத்தி இன்னும் ஈரம்.
உடைந்த அணை, செங்கல் துரிசு,
நடுக்குளத்தில் ஆளுயரப் புல்.
பட்டி எது, வளவு எது, தெரியவில்லை.
ஒரு மருதுகூட இல்லை.
புல்லுக்குள்ளிருந்து குழுமாடுகள் தலை தூக்கின,
குறி சுடாத சப்பைகள்,
ஆருடையவையும் அல்ல.
எங்களைப் பார்த்துவிட்டு மேயத் தொடங்கின.

நாம்பன் இங்கே பிறந்தது, சரி.
வீரகத்தி?
பட்டியோடு வந்து குடியேறியவனாகவும் இருக்கலாம்,
பெண் எடுத்து வந்தவனாகவும் இருக்கலாம்.
அந்தப் பெண்ணின் பெயர்
மனிதக் கடதாசியிலும் இல்லை, மாட்டுக் கடதாசியிலும் இல்லை.

திங்கட்கிழமை போட்டோப்பிரதியைக் கொடுத்தேன்.
பிள்ளை இரண்டு தரம் வாசித்தாள்.
"இதில ஆற்றை பிறப்பு அன்ரி இருக்கு?"
"எங்கட வீட்டாற்றை" என்றேன்.

அவள் மேலதிகாரியின் கதவைப் பார்த்தாள்.
கதவு சாத்தியிருந்தது.
படிவத்தோடு சேர்த்து ஒரு கம்பி அடித்தாள்.
கம்பி, குறி இருந்த வரியில் விழுந்தது.